கைப்பேசியில் வரும் மனை விளம்பரம்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி வகுப்பில் ஆற்றிய சொற்பொழிவு)



தொழு உரத்தைப் பற்றியும் சொட்டுநீர்ப் பாசனத்தைப் பற்றியும் சொல்லத் தகுந்தவர்கள் எனக்கு முன்னால் பேசிவிட்டார்கள். நான் பத்திரப் பதிவுத் துறையில் முப்பத்தோர் ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் காகிதத்தில் எழுதப்பட்ட மண்ணைப் பற்றித்தான். ஆயினும் அந்தக் காகித மண்ணைக் குறித்துக் கிராமத்தில் உள்ளோர் அறிய வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மனை விற்கும் தரகர்கள் கைப்பேசியின் வாயிலாகச் செய்யும் விளம்பரமும், அதற்குச் சட்டம் வகுத்திருக்கும் விதிகளுமே அவ்விஷயம்.

முதலில் என் குற்றத்தையே சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் இளைஞர் ஒருவர் வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரு படம் அனுப்பினார். பச்சைப் பசேலென்ற தென்னந்தோப்பு, கறுத்த தார்ச்சாலை, சாலையோரம் மின்விளக்கு, அதன் கீழே ‘அரசு அங்கீகாரம் பெற்ற மனைகள், உடனடிப் பதிவு, சில மனைகளே பாக்கி’ என்ற வாசகம். நல்ல பையன், பட்டப் படிப்புப் படித்துவிட்டு வேலையின்றி இருந்தவன். பிழைத்துப் போகட்டும் என்ற எண்ணத்தோடு அதை எங்கள் உறவினர் குழுவிற்கு நான் அனுப்பிவிட்டேன். படித்துக்கூடப் பார்க்கவில்லை. சார் பதிவாளர் நாற்காலியில் அமர்ந்திருந்தவன் அனுப்பியது என்பதால் மற்றவர்களும் படித்துப் பார்க்கவில்லை.

என் தங்கையின் மகன் ஒன்பது லட்சம் ரூபாய் மனைக்கு ஒன்றரை லட்சம் முன்பணம் கொடுத்தான். கைச்சீட்டு இல்லை, ஒப்பந்தம் இல்லை. பிறகு விசாரித்தால் அந்த மனைப்பிரிவுக்கு அனுமதியே கிடையாது. படத்தில் இருந்த தார்ச்சாலை வேறு எந்த ஊர்ச் சாலையோ! பத்திரம் பதிய வழியில்லாமல் போயிற்று. பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. அவ்விளைஞரைக் கேட்டதற்கு, ‘கம்பெனி கொடுத்ததை நான் அனுப்பினேன், ஐயா’ என்றார். என் தங்கை அவரைக் குறை சொல்லவில்லை. ‘விளம்பரத்தை அனுப்பியது நீ தானே, அண்ணா?’ என்று என்னைத்தான் கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது சட்டத்திற்கு வருவோம். ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு)ச் சட்டம் 2016-ஆம் ஆண்டு பாராளுமன்றத்தில் இயற்றப்பட்டது. ரெரா என்று சுருக்கமாகச் சொல்கிறார்களே, அது இதுதான். நம் மாநிலத்தில் இதற்குரிய விதிகள் 2017 ஜூன் மாதத்தில் வெளியாயின. இதனை நடத்துவதற்கு ஓர் ஒழுங்குமுறை ஆணையமும் இயங்கி வருகிறது. திட்டப் பகுதிகளில் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்க முனைவோர், விற்பதற்கு மட்டுமன்று, விளம்பரம் செய்வதற்கு முன்பே, இவ்வாணையத்தில் திட்டத்தைப் பதிவு செய்தல் வேண்டும் என்பது சட்டத்தின் 3-ஆம் பிரிவு. நம் கணக்கில் 500 சதுர மீட்டர் என்பது பன்னிரண்டு சென்டுக்குச் சற்று மேல். ஆகவே இது நகரத்துப் பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் உரிய சட்டம் என்று எண்ணிவிடலாகாது. நெடுஞ்சாலையை ஒட்டிய ஓர் ஏக்கர் புஞ்சையைப் பிரித்துப் போடுபவரும் இதற்குள் வந்துவிடுகிறார்.

விளம்பரம் என்றால் என்ன? பத்திரிகையில் வருவதும் சுவரில் எழுதுவதும்தான் விளம்பரம் என்பது நம் பழைய எண்ணம். சட்டமோ எந்த ஊடகத்தின் வாயிலாக வெளியிடப்பட்டாலும், அறிவிப்பாயினும் சுற்றறிக்கையாயினும் வேறு எவ்வடிவில் அமைந்த பிரசாரமாயினும், மனையை விற்பதாகத் தெரிவித்து வாங்க அழைப்பதெல்லாம் விளம்பரமே என்று விரித்துச் சொல்லியிருக்கிறது. வாட்ஸ்அப் நிலைத்தகவல், முகநூல் பதிவு, இன்ஸ்டாகிராமில் ஓடும் அரை நிமிடப் படம், யூடியூபில் தோட்டத்தைச் சுற்றிக் காட்டும் காணொளி ஆகிய யாவும் இதில் அடங்கும். ‘இது விளம்பரம் அல்ல, நண்பர்களுக்குத் தகவல்’ என்று மேலே எழுதிவிடுவதால் பயன் ஒன்றும் இல்லை.

அடுத்து, தரகர் என்பவர் யார்? இக்கூட்டத்தில் உள்ள பலரும் கவனிக்க வேண்டிய இடம் இது. தரகுத் தொழிலையே முழுநேரமாகச் செய்பவர்தான் தரகர் என்று நினைக்கிறோம். சட்டத்தின் சொற்கள் அவ்வளவோடு நிற்கவில்லை. கமிஷனாகவோ வேறு எப்பெயரிலோ ஊதியம் பெற்றுக்கொண்டு விற்பவர் சார்பிலோ வாங்குபவர் சார்பிலோ பேரம் பேசுபவர் தரகர். எந்த ஊடகத்தின் வாயிலாகவேனும் வாங்குபவரையும் விற்பவரையும் ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வைப்பவரும் தரகரே. எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும் இடைநிலையாளர் இடைநிலையாளரே என்றும் அது சேர்த்துச் சொல்கிறது. ஆகவே உரக்கடை வைத்திருப்பவர், காப்பீட்டு முகவர், பால் சங்கத்தில் எழுத்து வேலை பார்ப்பவர், ஊராட்சி உறுப்பினர் ஆகிய யாரேனும் ‘ஒரு மனைக்கு இவ்வளவு’ என்று பேசிக்கொண்டு ஒரு மனைப்பிரிவின் படத்தைத் தம் கைப்பேசியிலிருந்து அனுப்பி ஆளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால், அவர் செய்வது தரகு வேலைதான்.

அப்படிச் செய்பவர் ஆணையத்தில் முகவராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது 9-ஆம் பிரிவு. பதிவு செய்தால் அவருக்கு ஓர் எண் கிடைக்கும். தாம் முடித்து வைக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அவ்வெண்ணை அவர் குறிப்பிட்டாக வேண்டும். பதிவு பெறாத திட்டத்தின் மனைகளை விற்க உதவலாகாது என்பது 10-ஆம் பிரிவு. தமக்கோ மனை விற்பவருக்கோ இல்லாத அங்கீகாரம் இருப்பதாகச் சொல்வது முறையற்ற வியாபாரம் என்று அதே பிரிவு பெயரிட்டுச் சொல்கிறது. மீறினால் நாள் ஒன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வீதம், விற்க முனைந்த மனையின் விலையில் நூற்றுக்கு ஐந்து வரை ஏறக்கூடிய அபராதம் உண்டு. தவறு செய்த முகவரின் பதிவை ரத்துச் செய்யவும் ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு.

இங்கே ஒரு விளக்கம் அவசியம். தம் சொந்த நிலத்தை ஒரே துண்டாக மற்றொரு விவசாயிக்கு விற்பவரோ, தம் பெயரில் உள்ள ஒரு மனையை மறுவிற்பனை செய்பவரோ அஞ்ச வேண்டியதில்லை. இந்த விதிகள் மனைப்பிரிவுத் திட்டங்களைக் குறித்தவை. காசு வாங்காமல் வெறும் ஆர்வத்தால் படத்தை அனுப்பிய என்னைப் போன்ற அசட்டு மாமன்மாரும் தரகர் என்ற சொல்லுக்குள் வருவதில்லை. சட்டத்திலிருந்து தப்பினேனே ஒழிய என் தங்கையிடமிருந்து நான் தப்பவில்லை.

இனி, முறைப்படி தொழில் செய்ய விரும்பும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன். அவர்களை ஊக்கம் குன்றச் செய்வது என் நோக்கமன்று. நேர்மையான தரகர் கிராமத்திற்கு வேண்டியவர். விற்பவருக்கு நல்ல விலையும் வாங்குபவருக்கு நல்ல பட்டாவும் கிடைக்க அவர் காரணமாகிறார்.

மனை விற்பவர் வெளியிடும் விளம்பரத்தில் இரண்டு விவரங்கள் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பது 11-ஆம் பிரிவு: ஆணையத்தின் இணையதள முகவரி ஒன்று, திட்டத்தின் பதிவு எண் மற்றொன்று. பத்திரிகையில் முழுப்பக்கம் வாங்கியவர் இவற்றை மூலையில் சிறிய எழுத்தில் போட்டு ஒப்பேற்றிவிடுவதுண்டு. கைப்பேசியில் உள்ள இடைஞ்சல் வேறு வகையானது. படத்தை ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பும்போது படம் போய்ச் சேரும்; அதன் கீழே எழுதிய வாசகம் பல சமயம் விட்டுப்போகும். மூன்றாவது கைக்குப் போகும்போது தென்னந்தோப்பும் விலையும் மட்டுமே மிஞ்சும். ஆகையால் எண்ணையும் முகவரியையும் படத்தின் மேலேயே பதித்துவிடுங்கள். காணொளியாயின் அந்த எழுத்துகள் தொடக்கத்திலிருந்து முடிவு வரை திரையில் நிற்கட்டும். வாயாலும் ஒருமுறை சொல்லுங்கள். ‘விவரம் தனிச் செய்தியில்’ என்று எழுதிவிட்டு எண்ணை மறைத்து வைப்பது முறையன்று. மகாராஷ்டிர மாநிலத்தில் 2023 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து விளம்பரங்களில் கியூஆர் குறியீடு அச்சிட வேண்டும் என்று அம்மாநில ஆணையம் உத்தரவிட்டது. கைப்பேசியைக் காட்டினால் திட்டத்தின் விவரம் முழுவதும் திரையில் வந்துவிடும். நல்ல ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது. வாங்குபவருக்கு நீண்ட எண்ணைத் தட்டச்சு செய்யும் சிரமம் இல்லை.

எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நம் மாநிலத்தில் மனைப்பிரிவுக்குத் தரப்படும் எண்ணின் நடுவில் லேஅவுட் என்ற சொல்லும், முகவருக்குத் தரப்படும் எண்ணின் நடுவில் ஏஜெண்ட் என்ற சொல்லும் ஆங்கிலத்தில் இருக்கும். சிலர் தம் முகவர் எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு, அதையே மனைப்பிரிவின் எண் போல் தோன்றும்படி செய்கிறார்கள். முகவருக்குப் பதிவு இருப்பதால் அவர் காட்டும் மனைக்குப் பதிவு இருப்பதாக ஆகிவிடாது. மாட்டுத் தரகர் நல்லவர் என்பதற்காக மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்குவோமா?

‘அரசு அங்கீகாரம்’, ‘அரசு மனைகள்’ என்ற சொற்களையும் சற்று நிதானித்தே எழுத வேண்டும். ஆணையத்தில் பதிவு பெறுவது என்றால் விவரங்களைப் பகிரங்கமாகத் தாக்கல் செய்திருப்பது என்று பொருள். மனையை வாங்குமாறு சர்க்கார் சிபாரிசு செய்வதாகப் பொருளன்று. அரசு முத்திரைச் சின்னத்தை விளம்பரத்தில் போடுவது, முத்திரைகளையும் பெயர்களையும் முறையற்று வழங்குவதைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கே மாறானது. ‘ஐந்து நிமிடத்தில் பேருந்து நிலையம்’ என்பதைப் போன்ற வாக்கியங்களையும் அப்படியே விட்டுவிடலாகாது. எதில் போனால் ஐந்து நிமிடம்? விளம்பரத்தில் கண்ட பொய்யான வாசகத்தை நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டமடைந்தவருக்கு ஈடு செய்ய வேண்டும் என்றும், அவர் திட்டத்தை விட்டு விலக விரும்பினால் கொடுத்த தொகை முழுவதையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்றும் 12-ஆம் பிரிவு சொல்கிறது.

பணம் வாங்கிக்கொண்டு காணொளியில் தோன்றி மனையைப் புகழ்ந்து பேசுபவர்களும் இப்போது பெருகியிருக்கிறார்கள். அவர்களுக்குரிய விதி வேறொரு சட்டத்தில் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022 ஜூன் மாதம் வெளியான நெறிமுறைகளின்படி, விளம்பரதாரரிடம் பணமோ பரிசோ பெற்றிருந்தால் அதைப் பார்ப்போருக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தவறான விளம்பரத்திற்குத் துணை போனால் முதன்முறை பத்து லட்சம், மறுபடியும் செய்தால் ஐம்பது லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு என்று தனியே சிலவற்றைச் சொல்ல வேண்டும். ‘பஞ்சாயத்து அப்ரூவல் மனை’ என்ற விளம்பரத்தை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப அனுமதி இல்லாமல், ஊராட்சி தானாகவே ஒரு மனைப்பிரிவுக்கு அனுமதி அளித்துவிட அதிகாரம் கிடையாது. அனுமதியற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9-ஆம் தேதி தடை விதித்ததும், அடுத்த மாதம் 20-ஆம் தேதி முதல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நம் மாநிலத்தில் நடைமுறைக்கு வந்ததும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தத் தேதிக்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017 மே மாதத்தில் விதிகள் வெளியாயின. அதற்குப் பிறகு புதிதாகப் பிரித்த மனைக்கு ஊராட்சித் தீர்மானத்தின் நகலைக் காட்டி விளம்பரம் செய்வது வாங்குபவரை ஏமாற்றுவதாகும்.

இதில் உறுப்பினர்கள் அறியாமலே சிக்கிக்கொள்வதும் உண்டு. மனைப்பிரிவில் பூமி பூஜை என்று அழைக்கிறார்கள். மரியாதைக்குப் போகிறோம். மாலை போடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். மறுநாள் அந்தப் படம் மாவட்டம் முழுவதும் கைப்பேசிகளில் போகிறது. அதைப் பார்ப்பவர், ‘தலைவரே நிற்கிறாரே, இதில் என்ன வில்லங்கம் இருக்கப்போகிறது?’ என்று எண்ணுகிறார். நம் முகமே அங்கீகாரச் சான்றாகிவிடுகிறது. அழைப்பு வந்தால், முதலில் திட்டத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால், மாலைக்குக் கழுத்தை நீட்டாதீர்கள்.

மற்றொரு காரணமும் இருக்கிறது. முறையாக அனுமதி பெற்ற மனைப்பிரிவில் சாலைகள் தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்கு வந்து சேரும். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட பிரிவானால், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேல் இருந்தால், சாலை நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளியாக ஒதுக்கப்பட வேண்டும். விளம்பரப் படத்தில் குழந்தைகள் ஊஞ்சலாடும் பூங்கா இந்த ஒதுக்கீட்டு நிலத்தில்தான் இருக்க முடியும். அனுமதியில்லாத பிரிவிலோ அதே பூங்கா படத்தோடு முடிந்துபோகும். சில காலம் கழித்து அங்கேயும் இரண்டு மனைகள் கிரயமாகிவிடும். வீடு கட்டிக் குடிவந்தவர்கள் குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் யாரிடம் வருவார்கள்? ஊராட்சியிடந்தான். வாய்க்காலை மூடிச் சாலை போட்டிருந்தால், மழைக்காலத்தில் மேல்காட்டு விவசாயியின் பயிர் மூழ்கும். அவரும் ஊராட்சியிடந்தான் வருவார். விற்றவர் அதற்குள் வேறு மாவட்டத்தில் வேறு தென்னந்தோப்பைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்.

நிலத்தை மனைக்குக் கொடுக்கும் விவசாயிகளும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் நிலத்தின் மேல் விளம்பரம் ஓடத் தொடங்கும் முன், பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்த நபர் திட்டத்தைப் பதிவு செய்தாரா என்று பாருங்கள். நிலத்துச் சொந்தக்காரர் என்ற முறையில் உங்கள் பெயரும் ஆவணங்களில் நிற்கிறது. பதிவு செய்யாமல் விற்றால் திட்ட மதிப்பீட்டில் நூற்றுக்குப் பத்து வரை அபராதம் என்கிறது 59-ஆம் பிரிவு. உத்தரவுக்குப் பிறகும் தொடர்ந்தால் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

வாங்குவோர் செய்ய வேண்டியது அதிகமில்லை. விளம்பரத்தில் கண்ட எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் தேடினால் வரைபடம், சர்வே எண், மனைகளின் எண்ணிக்கை, பதிவு முடியும் தேதி எல்லாம் வரும். சர்வே எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி, அது எந்த இடம் என்று கேளுங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்பது 13-ஆம் பிரிவு. என் மருமகன் விஷயத்தில் தொண்ணூறாயிரத்திற்கு மேல் கேட்டபோதே நாங்கள் விழித்திருக்க வேண்டும்.

விளம்பரத்தைப் பார்த்த உடனே கைப்பேசித் திரையைப் படமெடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் நிலைத்தகவல் இருபத்துநான்கு மணி நேரத்தில் மறைந்துவிடுகிறது. எங்கள் மனுவை எழுத உட்கார்ந்தபோது அந்த முதற்படத்தை என் கைப்பேசியில் தேடினேன். இடம் போதவில்லை என்று பழைய படங்களை அழித்தபோது அதையும் சேர்த்து அழித்திருந்தேன்.

எனக்குக் கொடுத்த நேரம் ஆகிவிட்டது. உணவு இடைவேளையில் வாசலருகே உள்ள மேசையில் இருப்பேன். உங்கள் கைப்பேசியில் வந்து கிடக்கும் மனை விளம்பரங்களைக் கொண்டு வாருங்கள். எண் இருப்பவற்றை இணையதளத்தில் தேடிப் பார்ப்போம். எண் இல்லாதவற்றை அனுப்பியவர் யார் என்று பாருங்கள். அவர் உங்கள் ஊர்ப் பிள்ளையாக இருந்தால், இன்று மாலையே கூப்பிட்டுப் பேசுங்கள்.